குரல்மாலை தொடுத்தவர்

பூக்கூடையில் உள்ள மலர்கள் ஒவ்வொன்றும் நிறமும் மணமும் உடையனவாய் இருத்தல் கூடும். ஆயினும், கைக்கு வந்தபடி அவற்றைக் கட்டிவிட்டால் மாலை ஆகிவிடாது. எந்தப் பூவுக்கு அருகே எந்தப் பூ அமைய வேண்டும் என்று அறிந்து தொடுப்பவனுடைய கையிலேதான் மாலை பிறக்கிறது. பலர் கூடிப் பாடும் சேர்ந்திசைக்கும் இவ்வுண்மை முற்றும் பொருந்தும். நல்ல சாரீரம் படைத்த ஐம்பது பேரை மேடையேற்றி நிறுத்திவிட்டால், ஐம்பது குரல்கள் கேட்குமேயன்றி ஒரு குழாத்தின் குரல் கேட்பதில்லை. அந்த ஒற்றைக் குரலைத் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பிரெடெரிக் மீலியஸ் கிறிஸ்தியான்சன் என்னும் இசைப்பேராசான்.

நமது இசைமரபு தனிக்குரலைப் போற்றுவது. தம்புரா சுருதி கூட்ட, ஒருவர் பாட, அவருடைய கமகத்தின் நுட்பத்திலும் கற்பனையின் ஓட்டத்திலும் நாம் உள்ளம் பறிகொடுக்கிறோம். மேனாட்டுச் சேர்ந்திசையின் வழி வேறு. அங்கே பாடுவோர் நால்வகையாகப் பிரிந்து நிற்பர். பெண்களுள் உச்சக்குரலார் சொப்பிரானோ, தாழ்குரலார் அல்ற்றோ. ஆண்களுள் உச்சக்குரலார் ரெனர், தாழ்குரலார் பாஸ். நான்கு பகுதியினரும் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களைப் பாட, அவை ஒன்றோடொன்று இசைந்து ஒலிக்க வேண்டும். பகுதிகள் தம்முள் இசைவதற்கு முன், ஒவ்வொரு பகுதியிலும் உள்ள பத்துப் பதினைந்து பேரும் ஒருவர்போல் ஒலித்தல் வேண்டும். இதுவே கடினமான பணி. இப்பணியில் கிறிஸ்தியான்சன் எய்திய வெற்றியும், அவ்வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட விலையும் அறியத்தக்கன.

இளமையும் கடல் கடந்த வாழ்வும்

நோர்வே நாட்டிலே, 1814 ஆம் ஆண்டில் அந்நாட்டின் அரசியல் யாப்பு உருவான ஐட்ஸ்வொல் என்னும் ஊரில், 1871 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதலாந் திகதி கிறிஸ்தியான்சன் பிறந்தார். குடும்பம் உழைத்துண்ணும் எளிய குடும்பம். அவர் சிறுவராய் இருக்கும்போதே பெற்றோர் கடற்கரைப் பட்டினமாகிய லார்விக்குக்குக் குடிபெயர்ந்தனர். அங்கேயே அவர் வயலினும் ஓர்கனும் பயின்றார். இவ்விரு கருவிகளும் பிற்காலத்தில் அவருடைய செவியை ஆண்டன என்று சொல்லலாம். சுரத்தை மயிரிழை பிசகாமல் பிடிக்கும் கூர்மையை வயலினும், பல குழல்கள் ஒன்றாகி ஒலிக்கும் நிறைவை ஓர்கனும் அவருக்குக் கற்பித்தன.

அக்காலத்தில் நோர்வேயிலிருந்து பல்லாயிரம் மக்கள் பிழைப்பை நாடி அமெரிக்காவுக்குச் சென்றுகொண்டிருந்தனர். 1888 ஆம் ஆண்டில், பதினேழு வயது இளைஞராக, கிறிஸ்தியான்சனும் கப்பலேறினார். முதலிற் கலிபோர்னியாவை அடைந்து, பின்னர் விஸ்கொன்சின் மாநிலத்துக்கு வந்தார். மரம் அரியும் ஆலைகள் நிறைந்த மரினெற் என்னும் ஊரிலே, தம்மைப்போற் குடியேறியவர்களைக் கொண்ட வாத்தியக்குழு ஒன்றை நடத்தினார். பின்பு மினியாப்பொலிஸ் நகரை அடைந்து, ஒக்ஸ்பேர்க் என்னும் லூத்தரன் கல்விக்கூடத்திற் சேர்ந்தார். அந்நகரின் இசைக்கல்லூரியிலும் பயின்று 1894 ஆம் ஆண்டில் தேறினார். 1897 ஆம் ஆண்டில் ஈடித் லின்டெம் என்னும் நங்கையை மணம்புரிந்தார். மணமான கையோடு, கற்றது போதாது என்னும் எண்ணம் உந்த, மனைவியாருடன் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குப் புறப்பட்டார்.

லைப்சிக்கிற் கேட்ட ஓசை

லைப்சிக் இசையுலகின் திருத்தலங்களுள் ஒன்று. இசைமேதை பாக் 1723 ஆம் ஆண்டு முதல் 1750 ஆம் ஆண்டில் உயிர்நீக்கும்வரை இசையாசிரியராய்ப் பணிபுரிந்த புனித தோமையார் ஆலயம் அங்கேயுள்ளது. மென்டல்சோன் 1843 ஆம் ஆண்டில் நிறுவிய இசைக்கல்லூரியும் அங்கேயே இருந்தது. கிறிஸ்தியான்சன் அக்கல்லூரியிற் பயின்ற காலத்தில் அவருடைய ஆசிரியர்களுள் ஒருவராய் விளங்கியவர் குஸ்தாவ் ஷ்ரெக். பாக் வகித்த அதே பதவியில் அப்போது அமர்ந்திருந்தவரும் அவரே.

தோமையார் ஆலயத்தின் பாடகர் குழாம் 1212 ஆம் ஆண்டில் தோன்றியது. ஆண்பிள்ளைகளை மட்டுமே கொண்டது. ஒரே பள்ளியில் உறைந்து, ஒரே ஆசிரியரின் கீழ் ஆண்டுக்கணக்காகப் பயிலும் பிள்ளைகள் பக்கவாத்தியம் இன்றிப் பாடுவதைக் கிறிஸ்தியான்சன் கேட்டார். அக்குழாத்தில் எந்தப் பையன் பாடுகின்றான் என்று பிரித்தறிய இயலாதவாறு ஓசை ஒன்றாய்த் திரண்டு எழுந்தது. உச்சரிப்பு ஒன்று, மூச்சு ஒன்று, குரலின் நிறமும் ஒன்று. வயலின் வித்துவானாக வருவதற்கென்று ஜெர்மனி சென்றவருடைய உள்ளத்தில், மனிதக்குரலாலாகிய கருவி ஒன்றைச் செய்தல் வேண்டும் என்னும் வித்து அங்கேயே விழுந்தது எனலாம். 1899 ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா மீண்டார்.

குன்றின் மேல் ஒரு கல்லூரி

மினசோட்டா மாநிலத்தில் நோர்த்பீல்ட் என்னும் சிற்றூரிலே ஒரு குன்றின்மேல் சென் ஓலாவ் கல்லூரி இருக்கின்றது. நோர்வேயிலிருந்து சென்ற குடியேற்றக்காரர் 1874 ஆம் ஆண்டில் அதனை நிறுவினர். 1030 ஆம் ஆண்டில் போர்க்களத்தில் மாண்டு, பின்னர்ப் புனிதராகப் போற்றப்பட்ட நோர்வே மன்னரின் பெயரே அதற்கு இடப்பட்டது. அதன் தலைவராயிருந்த ஜோன் கில்டால் 1903 ஆம் ஆண்டில் கிறிஸ்தியான்சனை இசைத்துறையைப் பொறுப்பேற்குமாறு அழைத்தார்.

அங்கே அவர் கண்ட மாணவர்கள் யாவர்? பெரும்பாலும் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் போதகர் வீட்டுப் பிள்ளைகளும். ஆலயத்தில் ஞானப்பாட்டுப் பாடிய பழக்கம் அவர்களுக்கு உண்டு. குரல்வித்தை பயின்றவர் மிகச் சிலர். முதலில் வாத்தியக்குழு புகழடைந்தது. 1906 ஆம் ஆண்டில் அக்குழு நோர்வேக்குச் சென்று வாசித்து வந்தது. ஊரிலிருந்த புனித யோவான் லூத்தரன் ஆலயத்தின் பாடகர் குழாமும் மெல்ல மெல்ல அவர் கையில் உருப்பெற்று, 1912 ஆம் ஆண்டளவில் சென் ஓலாவ் லூத்தரன் பாடகர் குழாம் என்னும் பெயருடன் அயல் மாநிலங்களுக்குப் பயணம் புறப்பட்டது. மறு ஆண்டே நோர்வே சென்றது. பயண ஏற்பாடுகளையெல்லாம் கவனித்தவர் போல் ஷ்மித் என்னும் பேராசிரியர். கணிதம் கற்பித்த இவர், குழாத்தின் முகாமையாளராய் இருந்துகொண்டே அதன் பாஸ் வரிசையில் நின்று பாடியும் வந்தார்.

யார் அருகில் யார்?

கிறிஸ்தியான்சன் பாடகரைத் தெரிந்தெடுத்த முறை பலருக்கு வியப்பையும் சிலருக்கு மனக்கசப்பையும் தந்தது. தனித்துப் பாடினால் சபையைக் கவரக்கூடிய குரல் என்பதற்காக அவர் எவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அக்குரல் அயற்குரலோடு கலக்குமா என்பதே அவருடைய கேள்வி. மேனாட்டுத் தனிப்பாடகர் குரலை இடைவிடாது மெல்ல அசைத்துப் பாடுவது வழக்கம். ஒருவர் பாடும்போது அவ்வசைவு அழகு. பத்துப்பேர் பத்து விதமாய் அசைத்தால், சுரம் எங்கே நிற்கிறது என்பதே தெரியாமற் கலங்கிப்போகும். ஆதலின் அசைவைக் குறைத்து, நூல் பிடித்தாற்போல் நேராகச் செல்லும் தெளிந்த குரலையே அவர் வேண்டினார்.

இதற்கு ஒலிநூற் காரணமும் உண்டு. ஒருவர் விநாடிக்கு 440 அதிர்வுடைய சுரத்தையும், அயலில் நிற்பவர் 443 அதிர்வுடைய சுரத்தையும் பாடினால், கேட்பவர் செவியில் விநாடிக்கு மூன்று முறை ஓசை பொங்கித் தணியும். சுருதி சேராத தம்புராவின் இரு தந்திகளை மீட்டும்போது கேட்கும் விம்மலும் இத்தகையதே. சுரம் ஒன்றானாலும் போதாது. ஒருவர் ஆகாரத்தை வாய்திறந்தும் மற்றவர் குவித்தும் பாடினால் குரலின் நிறம் வேறுபடும். மெய்யெழுத்தை ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் ஒலித்தால் சொல் சிதறும். இவற்றையெல்லாம் பயிற்சியினாற் சீராக்கலாம். பயிற்சியினால் மட்டும் மாற்ற இயலாதது குரலின் இயற்கை. புல்லாங்குழலைப் போன்ற மென்குரலும் உண்டு; நாயனத்தைப் போன்ற கூரிய குரலும் உண்டு. இரண்டும் வேண்டியனவே. எனினும், நாயனக்குரல்கள் இரண்டை அடுத்தடுத்து நிறுத்தினால், அவ்விரண்டும் ஒன்றையொன்று தூண்டிக் கூட்டத்தினின்றும் துருத்திக்கொண்டு நிற்கும். இடையே ஒரு குழற்குரலை நிறுத்த, இரண்டும் தணிந்து கலந்துவிடும்.

இவ்வாறு இடமறிந்து நிறுத்தும் கலை கிறிஸ்தியான்சன் மரபினரிடையே ஒரு முறையாக வளர்ந்தது. அயோவா மாநிலத்தின் லூதர் கல்லூரியில் 1948 முதல் 2005 வரை பாடகர் குழாத்தை நடத்திய வெஸ்ரன் நோபிள் இதனை நாடெங்கும் பரப்பினார். முறை எளிமையானது, பொறுமையை வேண்டுவது. ஒரு பகுதியினருள் இருவரை அழைத்து ஒரே அடியைப் பாடச் செய்வர். பின்னர் வலப்பக்கத்தவரை இடப்பக்கத்துக்கு மாற்றி மீண்டும் பாடச் செய்வர். ஆட்கள் அவர்களே, பாட்டும் அதுவே, ஆயினும் ஓசை மாறிவிடும்! இரண்டில் எது நன்றோ அதனை வைத்துக்கொண்டு மூன்றாமவரை முதலில் ஒரு பக்கத்திலும், பின் மறுபக்கத்திலும், பின் நடுவிலும் நிறுத்திக் கேட்பர். இவ்விதம் ஒருவர் ஒருவராய்ச் சேர்த்து வரிசை முழுவதும் அமைப்பர். பாடுவோர் எவரும் தம் குரலை வலிந்து அடக்கவோ உயர்த்தவோ வேண்டியதில்லை. தக்க அயலார் வாய்த்தபோது குரல் தானே இளகிக்கொடுக்கும். இம்முறையின் உயிர்நிலை இதுவே.

கல்லூரிக் குழாத்துக்கு இன்னொரு துன்பமும் உண்டு. ஆண்டுதோறும் படிப்பு முடிந்தவர்கள் விடைபெற்றுச் செல்வர், புதியவர்கள் வருவர். சென்ற ஆண்டு அரிதின் முயன்று தொடுத்த மாலை அறுந்துபோகும். ஆசிரியர் மீண்டும் முதற்பூவிலிருந்து தொடங்க வேண்டும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கிறிஸ்தியான்சன் சலியாது இவ்வாறு தொடுத்து வந்தார். அவருடைய குழாத்தினர் பக்கவாத்தியம் இன்றியும், ஏட்டைப் பாராமல் மனனமாகவும் பாடினர். கண்கள் ஏட்டில் இல்லாமையால் அவர்களுடைய செவிகள் அயலாரிடத்திலேயே இருந்தன.

நியூயோர்க்கில்

1920 ஆம் ஆண்டில் இக்குழாம் அமெரிக்காவின் கீழ்க்கரை நகரங்களுக்குப் பயணம் செய்து, நியூயோர்க்கின் கார்னெகி மண்டபத்திலும் பாடியது. பேரிசைவாணர்கள் பாடி வாசித்த அம்மேடையில் நின்றவர்கள் ஒரு சிற்றூர்க் கல்லூரியின் மாணவர்கள். அவர்கள் தங்கள் இசைக்குக் கொண்டவை பாக்கின் கடினமான பலகுரற் பாடல்களும், பழைய லூத்தரன் ஞானப்பாட்டுகளும். இரசிகரும் இசை விமரிசகரும் அவர்களைப் பெரிதும் பாராட்டினர். குடியேறி வந்து மண்ணைக் கிண்டிப் பிழைத்தவர்கள் என்று எண்ணப்பட்ட ஒரு சமூகத்துக்கு அப்பாராட்டு தந்த பெருமிதம் சிறிதன்று.

பக்கவாத்தியமில்லாச் சேர்ந்திசையை அமெரிக்கக் கல்லூரிகளில் முதலில் நாட்டியவர் இவரே என்று சொல்வது பொருந்தாது. நோர்த்வெஸ்ரேர்ன் பல்கலைக்கழகத்தில் பீற்றர் லட்கின் 1906 ஆம் ஆண்டிலேயே அத்தகைய குழாம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஆயினும், 1920 ஆம் ஆண்டுப் பயணத்தின் பின்னரே அவ்வியக்கம் நாடு முழுவதும் வேர்விட்டது. பல கல்லூரிகளும் பள்ளிகளும் சென் ஓலாவைப் பின்பற்றிக் குழாங்கள் அமைத்தன. இவர் இசையமைத்தும் திருத்தியமைத்தும் அச்சேற்றிய பாடல்கள் அக்குழாங்களுக்கெல்லாம் பாடப்பொருளாயின. 1919 ஆம் ஆண்டில் அவர் அமைத்த அழகுள்ள மீட்பர் என்னும் பொருளுடைய பாடல் இன்றும் பல தேசங்களிற் பாடப்படுகிறது. 1930 ஆம் ஆண்டில் குழாம் நோர்வேக்கும் ஜெர்மனிக்கும் சென்றது. தாம் பாடங்கேட்ட நாட்டிற்கே கிறிஸ்தியான்சன் தம் மாணவரைப் பாட அழைத்துச் சென்றார்.

மறுப்பும் விலையும்

இவருடைய கொள்கையை எல்லோரும் ஏற்றனர் என்றில்லை. வெஸ்மினிஸ்ரர் பாடகர் குழாத்தை நிறுவிய ஜோன் பின்லி வில்லியம்சன் எதிர்வழி சென்றார். ஒவ்வொரு பாடகரும் தனிப்பாடகருக்குரிய முழுக்குரலோடு பாடவேண்டும். அம்முழுமைகளின் சேர்க்கையே குழாத்தின் வளம் என்பது அவர் கொள்கை. கிறிஸ்தியான்சன் மனிதரை ஓர்கன் குழல்களாக ஆக்கிவிட்டார் என்றும், இளங்குரல்களின் இயல்பான அசைவை ஒடுக்குவது தொண்டைக்குத் தீங்கு என்றும் குறைகூறியோர் உளர்.

இக்குறையை எளிதில் தள்ளிவிடலாகாது. தெரிவின்போது நல்ல சாரீரம் இருந்தும் இடம் பெறாத மாணவரின் மனத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊர் ஆலயத்திலே புகழ்பெற்று வந்த ஒருவருக்கு, உன் குரல் சிறந்தது; ஆயினும் அது கலவாது என்று முடிவு கிடைத்தால் அதனைவிடத் துயரம் வேறென்ன? உள்ளே இடம் பெற்றவரும் தம் குரலின் தனிப்புகழைத் துறந்தே நின்றனர். பாராட்டெல்லாம் குழாத்துக்கு; பாடகர் பெயரைக் கேட்டவர் இல்லை.

பிற்கால ஆராய்ச்சி இவ்வழக்கில் இரு பக்கத்துக்கும் சான்று தருகிறது. பயின்ற தனிப்பாடகரின் குரலில் விநாடிக்கு ஏறத்தாழ 3000 அதிர்வுடைய பகுதியில் விசேட வலிமை திரண்டிருக்கும் என்பதைச் சுவீடன் நாட்டறிஞர் யொஹான் சுன்ட்பேர்க் விளக்கினார். பெரிய வாத்தியக்குழுவின் ஓசையையும் ஊடுருவிக்கொண்டு அவர் குரல் கேட்பதற்கு அதுவே காரணம். ஒரே பாடகர் தனித்தும் குழாத்தோடும் பாடியதை ஒப்புநோக்கிய ஆய்வொன்று 1986 ஆம் ஆண்டில் வெளிவந்தது. குழாத்திற் பாடும்போது அவ்வலிமையைப் பாடகர் குறைத்துக்கொள்கின்றனர் என்பது அதனாற் புலனாயிற்று. எனவே தனிப்பாட்டும் சேர்ந்திசையும் தொண்டையை வெவ்வேறு விதமாய் ஆளும் இரு கலைகள் எனல் தகும். ஒன்றில் வல்லார் மற்றொன்றிற் கலவாமற் போவது குற்றமன்று.

யார் அருகில் யார் என்பதோடு, எவ்வளவு இடைவெளியில் என்பதும் முக்கியமென 1999 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜேம்ஸ் டோர்ட்டி வெளியிட்ட ஆய்வு காட்டியது. நெருக்கி நிறுத்தாது சற்றே இடம்விட்டு நிறுத்தியபோது பாடுவோர் அதனைப் பெரிதும் விரும்பினர். இதன் காரணத்தை உய்த்துணரலாம். பாடுபவருக்குத் தம் குரலும் கேட்க வேண்டும். அயலார் குரலும் கேட்க வேண்டும். தம் குரல் கேளாதவர் கத்துவர். அயற்குரல் கேளாதவர் தனிவழி போவர்.

இறுதிக் காலம்

1935 ஆம் ஆண்டு முதல் கிறிஸ்தியான்சனின் பெயரால் கோடைகாலப் பாடசாலை நடைபெற்று, குழாம் நடத்துவோர் பலர் அதிற் பயின்றனர். மைந்தர் இருவர் தந்தையின் வழியே நின்றனர். போல் 1937 ஆம் ஆண்டு முதல் மூர்ஹெட் நகரின் கொன்கோர்டியாக் கல்லூரிக் குழாத்தை நடத்தினார். ஓலாவ் 1941 ஆம் ஆண்டில் தந்தையாருக்குத் துணையாய் வந்து, அவருக்குப் பின் 1968 ஆம் ஆண்டுவரை சென் ஓலாவ் குழாத்தைத் தாங்கினார். முதுமை எய்திய கிறிஸ்தியான்சன் 1944 ஆம் ஆண்டளவில் ஓய்வுபெற்று, 1955 ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாந் திகதி, எண்பத்துநான்காவது வயதில் நோர்த்பீல்டிலேயே காலமானார். அவர் தொடங்கிய குழாம் அக்குன்றின்மேல் இன்றும் பாடுகின்றது. பாடுவோர் ஆண்டுதோறும் மாறுகின்றனர். யார் அருகில் யார் என்னும் கேள்வியும் ஆண்டுதோறும் புதிதாய் எழுகின்றது.

குரல்களைத் தெரிந்தெடுத்ததில் அவர் சிலவேளை கடுமையாளராய் இருந்திருக்கலாம். ஆயினும் அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. ஒரு கூட்டத்தின் ஓசை கெடும்போது, குறை இன்னாருடைய குரலில் என்று நாம் விரல் நீட்டிவிடுகின்றோம். அந்தக் குரல் நின்ற இடம் தக்கதா, அதன் இருமருங்கும் நின்றவர் தக்கவரா என்று கேட்பதில்லை. கிறிஸ்தியான்சன் அதனைக் கேட்டார். ஒருவரை விலக்குமுன் ஓரடி தள்ளி நிறுத்திப் பார்க்கும் பொறுமை பாட்டுக்கு மட்டும் உரியதன்று.